வீட்டில் யார் சொன்னது?

9 மார்ச் 2025

அன்புள்ள வித்யா அக்காவுக்கு,

ரஞ்சன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பல்வலியும் விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது என்று எழுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உள்ளே வந்து ஒரு வருஷத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று யோசிப்பாய். இங்கே ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அக்டோபரில் பரீட்சை. ஃபர்சானா என்று ஒரு டீச்சர் வருகிறார். 'டெல்' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். சொன்னால் டெல். கட்டளை போட்டாலும் டெல். கடிகாரத்தில் மணி பார்த்தால் டெல். இரட்டைப் பிள்ளைகளில் எது மூத்தது என்று அடையாளம் கண்டால் அதுவும் டெல். முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்தால், அதற்கும் டெல். நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அவர்கள் ஒரே ஆளை வைத்துக்கொண்டு சமையல், துணி, காவல் எல்லாம் பார்க்கிறார்கள்.

வீட்டுப்பாடம் என்னவென்றால், வீட்டில் உண்மையாக நடந்த பேச்சிலிருந்து இந்தச் சொல் வரும் பத்து வாக்கியங்கள் சேர்க்க வேண்டும். எனக்கு இங்கே ஏது வீடு? அதனால் நீ எழுது. யார், யாரிடம், என்ன சொன்னார்கள், எப்போது. தமிழில் எழுது, நான் ஆங்கிலமாக்கிக்கொள்கிறேன். கற்பனை வேண்டாம். இங்கே கடிதங்களைப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்பதையும் மனதில் வை.

என்னைப் பார்க்க யாரும் வரவேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான்.

உன் தம்பி,
ரஞ்சன்


23 மார்ச் 2025

அன்புத் தம்பி ரஞ்சனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை பத்து, அதிகம்தான், கேட்டால் "மெஷின் கோளாறு" என்கிறார். உன் கடிதத்தை நாலு தடவை வாசிக்கச் சொன்னார். நாலாவது தடவை பல்வலி வரியை மட்டும் திரும்பக் கேட்டார்.

நாள் முழுக்கச் சிராங்கூன் சாலை மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை எழுத்து வாசிக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே நீ என்னை எழுத வைக்கிறாய். சரி, எடுத்துக்கொள்.

மருந்தைச் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார் டாக்டர். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார் அம்மா. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன் நான். மூன்று ஆயிற்றா? ஜூரோங்கில் ஒரு லிஃப்டோடு மூன்று நாளாக மல்லுக்கட்டும் என் வீட்டுக்காரரிடம், அதான் உன் மாமாவிடம், சீக்கிரம் வரச் சொன்னேன், வரவில்லை. அடுத்தது, அரிசி கொண்டுவந்த பையனிடம் அம்மா வழக்கம்போலப் பதினோராவது மாடி என்று சொல்லிவிட்டார். பதினோராவது மாடியில் நாம் இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டை இடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. புக்கிட் பாத்தோக் என்று சரியாகச் சொல்வார், பிளாக் நம்பர் சரியாகச் சொல்வார், மாடி என்று வந்தால் மட்டும் நாக்கு பழைய வீட்டுக்கு ஏறிவிடும். பத்துக் கிலோ மூட்டையோடு கபீர் மாமா கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "தங்கம், உன் வீட்டு அரிசியில எனக்கும் பங்கு உண்டு லா" என்றார். பாவம், பதினோராவது மாடியில் நம் ஏழாவது மாடி வீட்டுக்கு நேர் மேலே குடியிருப்பது அவர் செய்த குற்றம்.

மீதியை நீயே பொறுக்கிக்கொள். பார்க்க வரவேண்டாம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வாய்? அம்மா உன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, திரும்பவும் துவைக்கிறார்.

அன்புடன்,
வித்யா அக்கா


13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவை ஒழுங்காக மருந்து போடச் சொல்.

வாக்கியங்கள் நன்றாக இருந்தன. டீச்சர் அரிசி மூட்டைக் கதையை வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படுக்கையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அம்மா சொன்னது இருக்கிறது, நீ சொன்னது இருக்கிறது, டாக்டர் சொன்னதுகூட இருக்கிறது. மாமா சொன்னதாக ஒன்றுகூட இல்லையே. அந்த வீட்டில் அவர் வாயைத் திறப்பதே இல்லையா? இல்லை, அவர் சொன்னதை நீ எழுதக்கூடாதா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நேற்று டீச்சர் பலகையில் 'டெல் ஆன்' என்று எழுதினார். போட்டுக்கொடுப்பது. எனக்குப் பேனா ஓடவில்லை. போன வருஷம் பிப்ரவரியில் அந்தப் போதைத் தடுப்பு அதிகாரிகள் வந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். என் பேர் தெரிந்திருந்தது. கூடத்தில் நின்ற மாமாவை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் அறை, கட்டிலுக்கு அடியில் கை, பூட்ஸ் பெட்டி. இரண்டு நிமிஷம். வெளியாளுக்கு அந்தப் பெட்டி எப்படித் தெரியும்? வீட்டில் இருந்தது என்னைத் தவிர மூன்று பேர்.

கடைசி மாதங்களை வீட்டில் கழிக்க எனக்கு அனுமதி கிடைக்கலாம் என்கிறார்கள். படிவத்தில் முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். என்னைப் போட்டுக்கொடுத்தவர் தூங்கும் வீட்டில் நான் போய்த் தூங்க மாட்டேன். வீட்டில் யார் சொன்னது? அது தெரியாமல் அந்தக் கட்டத்தில் நம் முகவரியை எழுதமாட்டேன்.

ரஞ்சன்


20 ஏப்ரல் 2025

ரஞ்சன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் பாதிதான் வாசித்துக் காட்டினேன். மீதியை நானே வைத்துக்கொண்டு வயிறெரிகிறேன்.

மூன்று பேர் என்று விரல் விட்டு எண்ணுகிறாயே, அந்த மூன்று பேரும் அப்போது எப்படி இருந்தோம் என்று எண்ணினாயா? நீ வீட்டுக்கு வராத நாளில் பயம், வந்த நாளில் அதைவிடப் பயம். யார் சொன்னது என்று கேட்கிறாய். பெட்டியை யார் வைத்தது என்று நான் கேட்டேனா? பாடம் படிக்கிறேன் என்று வாக்கியம் கேட்டு, எங்கள் பேச்சைத் தோண்டி எடுத்து, வீட்டுக்குள் திருடனைத் தேடுகிறாய். நல்ல படிப்புடா தம்பி.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். அதைக் கவனி.

வித்யா


18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எட்டுக் கிலோ குறைந்ததை ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை? வேறு என்னென்ன எழுதவில்லை?

பதில் இல்லை என்று எழுதியிருக்கிறாய். தெரியாது என்று எழுதவில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாத முட்டாள் இல்லை நான்.

மாமாதான் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன், கேள். அந்த அதிகாரிகள் வந்ததற்கு முந்தின வாரம் என் அறை விளக்கை மாற்றுகிறேன் என்று வந்து அரைமணி நேரம் நின்றார். ஒரு பல்பு மாற்ற அரைமணியா? நான் வந்தால் போன் பேச்சை நிறுத்திவிட்டு மாடிப்படிப் பக்கம் போவார். அன்று காலை வேலைக்குக் கிளம்ப வேண்டியவர், யாரோ வருவார்கள் என்று தெரிந்தது போலச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். என்னைக் கூட்டிப்போகும்போது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை, நீ அழுதாய், அவர் மட்டும் என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான்.

இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் மறுவாழ்வு இல்லத்து முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவேன். வெளியே வந்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டேன். அம்மாவை மட்டும் தேக்காச் சந்தையில் எங்கேயாவது பார்த்துக்கொள்கிறேன்.

ரஞ்சன்


8 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

ஆமாம், மாமாதான். போதுமா? அவர்தான் போன் செய்தார். உன் நல்லதுக்குத்தான் செய்தார். நீ அவரோடு பேசவேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டாம். எங்கள் புது வீடு செம்பவாங்கில் தயாராகிவிட்டது, ஆகஸ்டில் சாவி தருவார்கள். நாங்கள் இருவரும் போய்விடுகிறோம். அதன்பிறகு இந்த வீட்டில் அம்மாவும் நீயும் மட்டும்தான். ஆகவே நம் முகவரியையே எழுதிக் கொடு. அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. என் மேல் ஆணை.

பரீட்சை நெருங்குகிறது, உன் பத்து வாக்கியங்களை நிறுத்த எனக்கு மனசில்லை. கையில் வந்ததை எழுதுகிறேன். என் கடை முதலாளியம்மா லீவு கிடையாது என்று சொன்னார். ஒரு கிழவர் எழுத்துப் பலகையைப் பார்க்காமலேயே எழுத்துகளை ஒப்பித்தார், மனப்பாடம் என்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மா டாக்டரிடம் வலி இல்லை என்று சொன்னார். மாமா என்னிடம் அழாதே என்று சொன்னார். இன்று சாயங்காலம் கபீர் மாமா அம்மாவின் மருந்துப் பார்சலோடு இறங்கி வந்தார், திரும்பவும் பதினொன்று. மன்னிப்புக் கேட்டேன். "பழகிப்போச்சு வித்யாம்மா. பார்சல் மட்டுமா? அன்னைக்குக் காலையில தம்பிக்காக வந்தாங்களே, அவங்களும் முதல்ல என் வீட்டு மணியைத்தான் அடிச்சாங்க. நான்தான் ஏழாவது மாடின்னு சொல்லி அனுப்பினேன்" என்றார். எட்டோ ஒன்பதோ ஆகியிருக்கும், தூக்கம் வருகிறது. நீ எண்ணிக்கொள்.

உன் அக்கா,
வித்யா


27 ஜூலை 2025

அன்புத் தம்பி ரஞ்சனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களா?

அம்மா தினமும் கீழே இறங்கித் தபால் பெட்டிக்குப் போகிறார். சாவி என்னிடம் இருப்பதால் இடுக்கு வழியாகப் பார்க்கிறார். "கோபமா இருக்கானா?" என்று கேட்கிறார். யார்மேல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாமாவின் மேல் உனக்கு ஆத்திரம் என்றால் திட்டி எழுது. நாலு பக்கம் திட்டு, நான் பத்திரமாக அவரிடம் கொடுக்கிறேன். அவர் வாங்கிக்கொள்வார். எழுதாமல் மட்டும் இருக்காதே. அம்மா தாங்கமாட்டார்.

முகவரி என்ன கொடுத்தாய்?

அக்கா


31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சலும் இல்லை, இடமும் மாறவில்லை. எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்ததும், 'பார்த்தாயா, நான் சொன்னது சரி' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அன்று முழுக்க மாமாவை மனதுக்குள் வெட்டிப் போட்டேன். மறுநாள் வீட்டுப்பாடத்துக்காக உன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி வாக்கியத்தில் கை நின்றுவிட்டது.

போன் செய்தவர் பதினோராவது மாடி என்று சொல்லியிருக்கிறார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் மனுஷன் மாடி எண்ணைத் தப்பாகச் சொல்வாரா? அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு என்பார். நீயும் சொல்லமாட்டாய். அந்த வீட்டில் பதினொன்று என்று சொல்ல ஒரே ஒரு நாக்குதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நீ மார்ச்சிலேயே எனக்குச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய்.

அம்மாவா? பெத்தவளா? யாரோ முதுகில் குத்தினார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தவன், திரும்பிப் பார்த்தால் அம்மா நிற்கிறார். பல நாள் ஆத்திரம்தான். எழுதிக் கிழித்தேன். அந்தக் காகிதங்களை நீ பார்க்காதது நல்லது.

பிறகு அவர்கள் வந்ததற்கு முந்தின நாளை நினைத்துப் பார்க்க முயன்றேன். மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. குளியலறைக்குப் போனது தெரியும். மறுநாள் காலை அவர்கள் எழுப்பியபோது கட்டிலில் இருந்தேன். வேறு சட்டை போட்டிருந்தேன். தலை துவட்டியிருந்தது. நெற்றியில் திருநீறு. யார் என்னைத் தூக்கினார்கள், யார் சட்டை மாற்றினார்கள்? ஒன்றரை வருஷமாக யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டேனே தவிர, இதை ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மாமாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழியை வாங்கிக்கொண்டு வீட்டையும் விட்டுப் போகத் தயாராக இருந்திருக்கிறார். செருப்பை எடுத்து வைத்தவரைப் போய் என்னவெல்லாம் எழுதினேன். நேரில் பார்த்தால் காலில் விழுவேன், அதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தை சொல்லி வை. செம்பவாங்குக்கு அவசரமாக ஓட வேண்டாம்.

படிவத்தில் நம் முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன். மூன்று நாலு வாரத்தில் போன் செய்வார்களாம், பிறகு வீட்டைப் பார்க்க வருவார்கள். அம்மாவிடம் போனைக் கொடு. இந்தத் தடவையாவது ஏழாவது மாடி என்று சொல்லச் சொல்.

உன் தம்பி,
ரஞ்சன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாம். மூன்று பேரும்.


28 செப்டம்பர் 2025

என் ராசா ரஞ்சனுக்கு,

அம்மா சொல்றேன், வித்யா எழுதுறா. நான் சொல்றபடியே எழுதணும், ஒண்ணும் திருத்தக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். நான் நல்லா இருக்கேன். போன ஞாயிறு உன்னைப் பார்த்ததுலேருந்து ரெண்டு வேளை சாப்பிடுறேன். அங்க வச்சுப் பேச வாய் வரலை. ரெண்டு பேரும் பல்வலியையே பேசிட்டு வந்துட்டோம்.

அதனால இப்பச் சொல்றேன். நான்தான்யா சொன்னேன். அந்த மத்தியானம் குளியலறைக் கதவை உன் மாமாதான் கழட்டினாரு. கீழே கிடந்தே. உதடு நீலமா இருந்துச்சு. தண்ணி தெளிச்சு, தலையைத் தேய்ச்சு, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ ஒரு மூச்சு விட்டே. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னு வித்யா அழுதா. நான் பாவி, அக்கம்பக்கத்துக்குத் தெரியுமேன்னு விடலை. ராத்திரி முழுக்க உன் மூக்குல விரலை வச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை அந்தப் போதையில கிடந்தா நீ எந்திரிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. விடிஞ்சதும் போன் பண்ணினேன். பெட்டி எங்கே இருக்குன்னு நானே சொன்னேன். அவங்க வந்தப்ப சமையலறையை விட்டு வெளியே வரலை. உன் முகத்தைப் பார்த்தா, இவன் இல்லைன்னு சொல்லித் தடுத்திருப்பேன்.

மாப்பிள்ளை, "அத்தை பேர் வெளியே வரக்கூடாது, என் பேர்ல இருக்கட்டும்"னு சொல்லிட்டாரு. நானும் கோழை மாதிரி சும்மா இருந்துட்டேன். நீ என்னைத் திட்டு. திட்டுறதுக்கு நீ உசுரோட இருக்கியே, எனக்கு அது போதும்.

புதன்கிழமை அவங்க போன் பண்ணினாங்க. வித்யா கையிலிருந்து நானே வாங்கினேன். காலையிலேருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துக்கிட்டேன். அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே ஏழுன்னு சொல்லிட்டேன். தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ரெண்டு தடவை.

வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போனாங்க. உன் அறையையும் பார்த்தாங்க. சாயங்காலம் கபீர் அண்ணன் இறங்கி வந்தாரு. எதுக்கும் இருக்கட்டும்னு காலையிலேருந்து கதவைத் திறந்து வச்சு உட்கார்ந்திருந்தாராம். யாரும் மணி அடிக்கலையாம்.

அம்மா